பத்து எண்ணும் நேரம்

காத்தக்காவைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை அந்தத் துறைமுகத்தில் சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஏணியில் மூன்றாவது படிக்கு மேல் ஏறமாட்டாள். நாய் குரைத்தால் தெருவையே மாற்றிக்கொள்வாள். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்துப் பார்த்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இன்னொரு தரமும் வருவாள். இப்பேர்ப்பட்டவளின் கையில்தான் இருபத்துமூன்று வருஷமாக, தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒரு மனுஷனின் உயிர் இருந்தது. விதி சில சமயம் இப்படித்தான் வேண்டுமென்றே வம்பு பண்ணும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. காற்று விடுகிற அக்கா என்பது தேய்ந்து காத்தக்கா ஆகி, அதுவே நிலைத்துவிட்டது. அவளுடைய அப்பா பஞ்சர் கடை வைத்திருந்தவர். ஒன்பது வயதில், கடை வாசலில் அவள் உட்கார்ந்திருந்தபோது, காற்று ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரிச் சக்கரத்தின் இரும்பு வளையம் தெறித்துக் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. யாருக்கும் அடிபடவில்லை. அப்பா டீ குடிக்கப் போயிருந்தார். ஆனால் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த வானத்தை அவள் மறக்கவே இல்லை. சும்மா இருக்கிற வரைக்கும் காற்று சாது, அடைத்துவைத்தால் அது கோபத்தோடு காத்துக்கொண்டிருக்கும் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துபோனது. இதைப் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டிக்கொண்டவர் தண்ணீருக்குள் முங்கித் தொழில் செய்கிறவர். மூழ்கிய படகைத் தூக்குவது, கப்பலின் அடியைச் சுரண்டுவது, பழைய படகுத்துறைகளின் மரக்கால்களைச் சேற்று மட்டத்தில் அறுத்து எடுப்பது என்று எந்த வேலை வந்தாலும் போவார். மரம் அறுக்க அவரிடம் ஒரு விசித்திரமான ரம்பம் இருந்தது. மூடிப்போன ஏதோ ஒரு சுரங்கத்தின் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்ததை எடுத்து வந்திருந்தார். சுரங்கத்துக்குள் ஒரு பொறி பறந்தால் போச்சு என்பதால், பெட்ரோலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் காற்றின் அழுத்தத்தில் மட்டும் ஓடும்படி அதைச் செய்திருந்தார்கள். அதே காரணத்தால் தண்ணீருக்குள்ளும் ஓடியது. எடை ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் எடை. சத்தம் மேலே இருந்தால் காது கிழியும், கீழே போனால் வெறும் குமிழிதான். கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் முன்பே அது வீட்டுக்கு வந்துவிட்டதால் அவர் அதை மூத்தவள் என்பார். காத்தக்காவும் சளைத்தவள் இல்லை. சாயங்காலம் உப்புத் தண்ணீர் போக அதைக் கழுவி எண்ணெய் விடும்போது, உங்க மூத்த தாரத்தைக் குளிப்பாட்டியாச்சு, வந்து தூக்கிட்டுப் போங்க என்று குரல் கொடுப்பாள்.

சிரிப்பெல்லாம் அதோடு சரி. மூத்தவளிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. பெட்ரோல் ரம்பம் மரத்தில் மாட்டிக்கொண்டால் திணறி அணைந்துவிடும். இது அணையாது. சங்கிலி மரத்துக்குள் இறுகி நின்றுபோனாலும், உள்ளே காற்று தள்ளிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவனுக்குச் செத்த மாதிரி இருக்கும். ஆப்பு வைத்து மரத்தை விலக்கிய மறு நொடி, முழு வேகத்தில் துள்ளிப் பாயும். போதாக்குறைக்கு அதன் கைப்பிடியில் இருக்கும் விசை உப்பேறி, அழுத்தினால் அழுத்தியபடியே நின்றுவிடும்.

அதனால் அவர்களுக்குள் ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். முங்குகிறவரின் இடுப்பிலிருந்து ஒரு கயிறு மேலே வந்து மிதவையில் நிற்கும் காத்தக்காவின் இடது கையில் முடியும். ஒரு இழுப்பு என்றால் காற்று விடு, இரண்டு என்றால் நிறுத்து, நான்கு என்றால் என்னைத் தூக்கு. நிறுத்து என்று வந்ததும் அவள் வலது கையால் ரம்பத்துக்குக் காற்று போகிற பெரிய வால்வை மூடுவாள். அதோடு விட்டால் ஆகாது. வால்வுக்கு அந்தப் பக்கம், ஐம்பது மீட்டர் ரப்பர் குழாய்க்குள் அடைபட்ட காற்று அப்படியே இருக்கும். அதைக் கழற்றிவிடக் குழாயின் தலையில் ஒரு சின்னத் திருகு. அதைத் திறந்தால் புஸ்ஸென்று சீறும். சீறி அடங்கிய பிறகுதான் கயிற்றை இரண்டு தரம் பதிலுக்கு இழுக்க வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகுதான் கீழே இருப்பவர் சங்கிலிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக வேண்டும். மூச்சுக்குக் காற்று தனி. அதற்கு ஒரு சின்னக் கம்ப்ரசர், தனிக் குழாய்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், நிறுத்து என்று இரண்டு இழுப்பு வந்தது. அவள் பெரிய வால்வை மூடினாள். சின்னத் திருகில் கை வைக்கப் போகிற நேரத்தில் மூச்சுக் கம்ப்ரசரின் பெல்ட் வழுக்கி, அது இருமியது. புருஷனின் மூச்சல்லவா அது? பாய்ந்து போய் பெல்ட்டைச் சரிசெய்தாள். திரும்பி வந்தவளின் இடது கை, பழக்க தோஷத்தில், கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டது. சின்னத் திருகு மூடியபடியே இருந்தது.

அவர் மேலே வந்தபோது இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

படகில் கரைக்கு வருகிற வழியில், துணியால் கையைச் சுற்றிக்கொண்டு, அவர் காண்ட்ராக்டரிடம் சொன்னார், தான்தான் அவசரப்பட்டுப் பதில் வருவதற்கு முன்பே கை வைத்துவிட்டதாக. காத்தக்கா அதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றைக்கு வராதது மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த பதினோரு வருஷமும் வரவில்லை. அவருக்கு உண்மை தெரியுமா, தெரியாமல்தான் அப்படிச் சொன்னாரா என்று கேட்கவும் அவளுக்குத் துணிச்சல் இல்லை. அவருடைய சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடும்போதெல்லாம் அந்தக் கையைப் பார்க்காமல் பொத்தானையே பார்ப்பாள். அதற்கப்புறம்தான் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிற வியாதி வந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?

அவருக்குப் பதிலாக அவளுடைய தம்பி முங்கத் தொடங்கினான். அவர் மேலே மூச்சுக் கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்டார். கயிறும் வால்வும் காத்தக்காவிடமே இருந்தன. இப்போது இரட்டிப்புப் பயம். புருஷனாவது பிடிவாதக்காரர், தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருப்பார். தம்பியோ அக்கா இருக்கிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்குகிறவன்.

விபத்து நடந்து பதினோராவது வருஷம் கிடைத்தது ஒரு பழைய படகுத்துறை. தொண்ணூற்றாறு மரக்கால்கள். எண்பத்துநான்கு முடிந்திருந்தன. ஆற்று வாய்க்குப் பக்கம் என்பதால் நீரோட்டம் பலம், தண்ணீர் கலங்கல். கீழே தன் கையே தனக்குத் தெரியாது என்பான் தம்பி.

ஒரு நாள் காலை மிதவையின் மேல் ரம்பத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, விசைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தடம் இருப்பதைக் காத்தக்கா பார்த்தாள். விபத்துக்குப் பிறகு அந்த விசையை மாற்றிப் புது ஸ்பிரிங் போட்டிருந்தார்கள். கையை விட்டால் உடனே நிற்க வேண்டும் என்பதற்காக. ஸ்பிரிங் ரொம்பக் கடினம், அரை மணி நேரம் அழுத்தினால் விரல் விறைத்துப்போகும் என்று தம்பி புலம்புவான். அவள் கறுப்புத் தடத்தை நகத்தால் சுரண்டினாள். ரப்பர். பஞ்சர் கடைக்காரர் மகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சைக்கிள் டியூப்பை நறுக்கி விசையை இழுத்துக் கட்டியிருக்கிறான்.

தம்பி காலுறையை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கேட்டதும் மறைக்கக்கூட இல்லை.

"கட்டினா என்னக்கா? மேல வால்வு உன் கையில இருக்கு. நீ மூடினா நிக்கப் போகுது."

"மாட்டிக்கிட்டா? நான் பதில் இழுக்கிறதுக்கு முன்னாடி கையை வச்சுட்டா?"

"உன் பதில் எனக்கு வந்தாத்தானே. இந்த ஓட்டத்துல கயிறு பாட்டுக்கு இழுத்துக்கிட்டே இருக்கு, எது நீ எது தண்ணின்னு தெரியல. அதான் நான் பத்து எண்றேன். ரெண்டு இழுத்துட்டு, நிதானமா பத்து. மாமா மாதிரி அவசரப்படமாட்டேன்."

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அதில் ஒரு பெருமை இருந்தது. மாமா செய்த தப்பிலிருந்து பாடம் படித்துவிட்டோம் என்கிற பெருமை. மாமா செய்யாத தப்பு அது. இவளை நம்பி இரண்டு விரலை விட்ட மனுஷன் அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாதவர் போல பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். தங்கள் வீட்டில் பதினோரு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்த ஒரு பொய்யை எடுத்து, இவன் அதையே பாதுகாப்புக் கவசமாக மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போய்வந்துகொண்டிருக்கிறான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் காண்ட்ராக்டர் கரையிலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டு, தண்ணீர் வற்ற ஆரம்பித்து ஓட்டம் கூடுவதற்குள் இரண்டு காலாவது அறுத்தாக வேண்டும் என்று சத்தம் போட்டார். ரப்பரைக் கழற்றிவிட்டுப் போ என்று மட்டும் சொன்னாள். சரிக்கா சரிக்கா என்றபடி அவன் முகமூடியைப் போட்டுக்கொண்டான். அந்தச் சரிக்கா எப்படிப்பட்டது என்று அவனைச் சின்ன வயதிலிருந்து சோறூட்டி வளர்த்தவளுக்குத் தெரியாதா? மத்தியானம் சாப்பிட மேலே வரும்போது முழுக்கச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். சாப்பாட்டு நேரம் வரைக்கும்தானே என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டாள். பயந்தவர்களுக்கு எப்போதும் இன்னொரு நேரம் இருக்கிறது.

முதல் கால் நல்லபடியாக அறுபட்டது. இரண்டாவதில் ஒரு இழுப்பு வந்து, காற்று விட்டு, குமிழிகள் கொதிக்கிற மாதிரி மேலே வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் குமிழிகள் ஒடுங்கின. ரம்பம் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

கயிறு இரண்டு தரம் இழுபட்டது.

ஒன்று என்று அவளுடைய மனசு எண்ண ஆரம்பித்துவிட்டது. பெரிய வால்வை மூடினாள். இரண்டு. சின்னத் திருகின் கைப்பிடியைத் திருப்பினாள். கைப்பிடி சுற்றியது. சீறல் வரவில்லை. இன்னும் திருப்பினாள். அது முழுச் சுற்றுச் சுற்றி மறுபடியும் முதலில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. உள்ளே தண்டு முறிந்திருந்தது. மூன்று. குழாயை அமுக்கிப் பார்த்தாள், கல்லாக இருந்தது. அவ்வளவு காற்றும் உள்ளேதான் இருக்கிறது, கீழே இவன் ரப்பரால் கட்டிய விசைக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கிறது. பழைய மெஷின் கசியும், கசிந்து அடங்க ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். இவன் தருவது பத்து.

நான்கு. கயிற்றைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள், நான்கு தரம், மறுபடியும் நான்கு தரம். நீரோட்டம் கயிற்றை வில் மாதிரி வளைத்து வைத்திருந்தது. இவளுடைய இழுப்பு அந்த வளைவிலேயே கரைந்துபோனது. ஐந்து. புருஷனைக் கூப்பிட்டாள், கம்ப்ரசர் இரைச்சலில் அவர் காதில் விழவில்லை.

அப்புறம் ஒரே வழிதான் இருந்தது. குழாயை வால்விலிருந்தே பிடுங்கிவிடுவது. இரண்டையும் இணைக்கிற அந்தக் கப்ளிங்கைக் காற்று நிரம்பியிருக்கும்போது தொடக்கூடாது என்று அவளே எத்தனை பேரைத் திட்டியிருக்கிறாள். கழன்ற முனை எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூரைத் தகரத்தில் விழுந்த ஓட்டையும் அதற்குள் தெரிந்த வானமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. சுத்தியலை எடுத்தாள். ஆறு. குழாயின் மேல் முழங்காலை ஊன்றினாள். ஏழு. கப்ளிங்கில் காது மாதிரி நீட்டியிருந்த பிடியில் ஒரு அடி. அசையவில்லை. எட்டு. "ஐயோ எண்ணாதடா" என்று தண்ணீரைப் பார்த்துக் கத்தியபடி இரண்டாவது அடி அடித்தாள்.

வெடிச்சத்தம் கேட்டது என்று புருஷன் பிற்பாடு சொன்னார். அவளுக்குச் சத்தம் எதுவும் ஞாபகமில்லை. இரும்பு முனை ஒரே வீச்சில் அவளுடைய தாடையில் மோதி, தோள் எலும்பைத் தட்டிவிட்டு, மிதவையின் பலகையை உடைத்துக்கொண்டு நின்றது. கண்ணைத் திறந்தபோது மல்லாந்து கிடந்தாள். பக்கத்தில் குழாய் தொளதொளவென்று கிடந்தது. கயிறு மட்டும் இன்னும் அவளுடைய இடது கையில் சுற்றியிருந்தது.

கயிறு அசையவில்லை. அது கொஞ்ச நேரம்தான், ஆனால் காத்தக்காவின் ஆயுளில் அதைவிட நீளமான நேரம் கிடையாது. பிறகு நான்கு இழுப்பு வந்தது. தூக்கு.

தம்பி பத்து விரல்களோடு மேலே வந்தான். முகமூடியைக் கழற்றியவன், ரம்பத்தை விடுவித்துவிட்டேன், ஏன் காற்றே வரவில்லை என்று கோபமாக ஆரம்பித்து, அக்கா கிடந்த கோலத்தைப் பார்த்ததும் பேய் அறைந்த மாதிரி நின்றான். விசையின் மேல் ரப்பர் இறுக்கிக் கட்டியபடியே இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு பற்கள் போயிருந்தன. புருஷன் ஓடி வந்து, வாயில் ரத்தம் வருது பேசாதே என்றார். அவள் அவருடைய கையைத் தள்ளினாள்.

"மாமா அவசரப்படலடா. அன்னிக்குச் சின்னத் திருகை நான் திறக்கல. திறக்காமலே பதில் இழுத்துட்டேன். அவர் என் பதிலை நம்பித்தான் கையை வச்சார்."

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தான் போலிருக்கிறது. அவர் மறுக்கவில்லை. குனிந்து ரம்பத்தின் விசையிலிருந்த ரப்பரை மூன்று விரல்களால் நிதானமாக அவிழ்த்தார்.

"நீ பத்து எண்றது காத்துக்குத் தெரியாதுடா" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தோளுக்குக் கட்டுப் போட்டுவிட்டுப் போன பிறகு, அவளும் அவரும் மட்டும் இருந்தார்கள். உங்களுக்கு அப்போதே தெரியுமா என்று கேட்க வேண்டிய அவசியம் இனி இல்லை. இருந்தாலும் அவராகவே சொன்னார், அன்று அவளுடைய இரண்டு இழுப்பும் தனக்குத் தெளிவாக வந்தது என்று. கயிற்றை இடது கையில்தான் பிடித்திருந்தாராம். அதற்குப் பிறகு அந்தக் கையாலேயே ஆப்பை எடுத்தாராம். உண்மையைச் சொன்னால் அவளை யாரும் இனி வால்வுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள், அவளைத் தவிர வேறு யாரையும் தன்னால் நம்ப முடியாது, அதனால்தான் அப்படிச் சொன்னதாகச் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் தாடை வலித்தது. இதில் ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.

தம்பி ஒன்பது நாள் அவளோடு பேசவில்லை. பத்தாவது நாள் வந்து, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனான்.

ஏழு வாரம் கழித்து அவள் மிதவைக்குத் திரும்பினாள். சின்னத் திருகு புதிது. நீரோட்டம் வளைக்காதபடி கயிறு இப்போது அடியில் தொங்கவிட்ட ஒரு கனத்த இரும்பு வளையத்துக்குள் நேராக இறங்கியது, அது புருஷன் செய்தது. பதினோரு கால்கள் மிச்சம். தம்பி இறங்கினான். ஒரு இழுப்பு வந்தது, காற்று விட்டாள். குமிழி கொதித்தது, கொஞ்ச நேரத்தில் ஒடுங்கியது. இரண்டு இழுப்பு.

பெரிய வால்வை மூடினாள். சின்னத் திருகைத் திறந்தாள், அது நன்றாகச் சீறி அடங்கியது. குழாயை அமுக்கிப் பார்த்தாள், தொளதொளத்தது. கயிற்றை இரண்டு தரம் இழுத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கீழேயிருந்து மறுபடியும் இரண்டு இழுப்பு வந்தது.

அப்படி ஒரு சைகை அவர்களிடம் கிடையாது. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. நிஜமாகவா என்று கேட்கிறான். பிறந்ததிலிருந்து அக்கா சொன்னால் சொன்னதுதான் என்று இருந்த பிள்ளை. அவள் திரும்பவும் குழாயை அமுக்கிப் பார்த்தாள், பூட்டை இழுத்துப் பார்க்கிற மாதிரியே. பிறகு மறுபடியும் இரண்டு தரம் இழுத்தாள்.

அன்றிலிருந்து அவன் ஒவ்வொரு தடவையும் இரண்டாம் முறை கேட்டான். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு வலித்தது. ஒரு தடவைகூட அவன் கேட்காமல் விட்டுவிடக்கூடாதே என்றும் ஒவ்வொரு தடவையும் பயந்தாள்.